வினைத்திறனா, செயல்திறனா? மனநல மறுவாழ்வு இல்லங்களை அளக்க வந்த ஒரு சொல்

மனநல மறுவாழ்வு இல்லங்கள் பற்றிய ஓர் அறிக்கையின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துத் தரும்படி அண்மையில் ஓர் அமைப்பினர் கேட்டிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே ‘குடியிருப்பு மனநல மறுவாழ்வு வசதிகளின் செயல்திறனை அளவிடுதல்’ என்று தலைப்பு. ‘வசதிகள்’ என்பது ஃபெசிலிட்டி என்ற சொல்லுக்கு அகராதி முதலில் காட்டும் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த பிழை. பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தங்கி, முறைபோட்டுச் சமைத்து, வேளைக்கு மருந்து உண்டு, மெல்ல வேலைக்குப் போகப் பழகும் இடத்தைத் தமிழில் யாரும் வசதி என்பதில்லை, இல்லம் என்பார்கள். அதை ஒரு கோட்டில் அடித்துத் திருத்திவிட்டேன். ‘செயல்திறன்’ அப்படித் தீரவில்லை. எஃபிஷியன்சி (இட்டதற்கும் பெற்றதற்கும் உள்ள விகிதம்), எஃபெக்டிவ்னஸ் (நாடிய பயன் கிட்டுவது), பெர்ஃபார்மன்ஸ் (இயங்கும் விதம்), இல்லவாசி ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் ஃபங்ஷனிங் ஆகிய நான்கு கருத்துகளுக்கும் நாற்பது பக்கம் முழுக்க அந்த ஒரே சொல்தான். அதன் பலனாக ஓரிடத்தில், ‘செயல்திறன் மிக்க இல்லங்கள் செயல்திறன் குறைந்தவையாக இருக்கக்கூடும்’ என்று ஒரு வாக்கியம் எந்தக் கூச்சமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

எஃபிஷியன்சி எஃபிகேரே என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. செய்து முடித்தல், விளைவித்தல் என்பது அதன் பொருள். பானைக்குக் குயவனை நிமித்த காரணம் (அதைச் செய்து முடிப்பவன்) என்று நம் தத்துவ நூல்கள் சொல்கின்றன அல்லவா, அதையே ஐரோப்பிய மெய்யியலார் எஃபிஷியண்ட் காரணம் என்றார்கள். அக்காலத்தில் இச்சொல்லில் அளவு என்ற எண்ணமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரக்காரர்கள் கையில் இது விகிதமாக மாறியது. அதற்கு முன்பு இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீர் இறைத்த இயந்திரங்களுக்கு, ஒரு புஷல் (அந்நாட்டு முகத்தலளவை) நிலக்கரியை எரித்தால் எத்தனை பவுண்டு நீர் ஓர் அடி உயரம் ஏறுகிறது என்று கணக்கெடுத்து, அதை இயந்திரத்தின் ‘டியூட்டி’ என்று குறித்து வைத்தார்கள். இட்டது இவ்வளவு, பெற்றது இவ்வளவு, இரண்டுக்கும் உள்ள விகிதம் இது: இன்றைய எஃபிஷியன்சியின் முழுப்பொருளும் இதற்குள் அடங்கிவிடும். இருசக்கர வண்டி வாங்கும் எவருக்கும் பிக்கப் வேறு, மைலேஜ் வேறு என்று தெரியும். பிக்கப் பெர்ஃபார்மன்ஸ், மைலேஜ் எஃபிஷியன்சி. தெருமுனை மெக்கானிக் குழப்பிக்கொள்ளாத இந்த இரண்டையும் அறிக்கை எழுதுவோர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இயந்திரத்திலிருந்து மனித நிறுவனங்களுக்கு இந்த அளவை வந்ததில் 1957இல் ஃபாரல் என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. அதன் வழியில் 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் இன்று மருத்துவமனை, பள்ளி, காப்பகம் எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரு கணக்குமுறையை வகுத்தனர். ஒரே வகை வேலை செய்யும் பல நிறுவனங்களுள் குறைந்த இடுபொருளில் மிகுந்த விளைவு தருபவற்றை எல்லைக்கோடாக வைத்து, மற்றவை அக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்ப்பது அம்முறை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதற்கே மிகச் சாதகமான எடைகளை, அதாவது எந்த இடுபொருளுக்கும் எந்த விளைவுக்கும் எவ்வளவு மதிப்பு என்பதை, கொடுத்துப் பார்ப்பார்கள்; கோட்டின்மேல் இருப்பதற்கு மதிப்பெண் 1, தள்ளி நிற்பதற்கு 1ஐ விடக் குறைவு. அதே 1978 மே மாதத்தில்தான் இத்தாலி மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடும் 180ஆம் எண் சட்டத்தை இயற்றியது. மூடியவற்றுக்கு ஈடாக ஊரெங்கும் சிறு இல்லங்கள் முளைத்தன. 2000ஆம் ஆண்டளவில் நாடு முழுதும் எடுத்த கணக்கெடுப்பில் 1,370 இல்லங்களும் 17,138 படுக்கைகளும் இருந்தன. ஒரு முழுநேரப் பணியாளருக்குச் சராசரி 1.42 இல்லவாசிகள், இல்லத்தை விட்டு வெளியே வாழப் போனவர்களோ மிகக் குறைவு. கணக்குமுறை ஒரு பக்கம், கணக்கிட வேண்டிய இல்லங்களுக்கு வழிவிட்ட சட்டம் ஒரு பக்கம் என இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயல்தான் என்றாலும், இவ்வகை அளவீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமைவது அரிது.

சொல் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் இல்லத்தில் 12 பேர், 8 பணியாளர். ஓர் ஆண்டில் 3 பேர் தேறித் தனிவீட்டுக்குப் போனார்கள், அவர்கள் இடத்தில் புதியவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டாம் இல்லத்தில் 12 பேர், 6 பணியாளர். ஒருவரும் வெளியே போகவில்லை. நிரம்பிய படுக்கைகளை விளைவாகக் கொண்டால், பணியாளர் ஒருவருக்கு முதல் இல்லம் 1.5, இரண்டாவது 2. எல்லைக்கோடு இரண்டாவதன்மேல் விழும். முதல் இல்லம் 0.75 பெறும். அதாவது, இதே பன்னிரண்டு படுக்கைகளை நிரப்பி வைத்திருக்க எட்டுப் பேரில் ஆறு பேர் போதும் என்பது அந்த எண்ணின் பொருள். வெளியே வாழப் போனவர்களை விளைவாகக் கொண்டாலோ முதல் இல்லம் 1, இரண்டாவது 0. இப்போது ‘முதல் இல்லத்தின் செயல்திறன் 0.75’ என்று எழுதிப் பாருங்கள். அந்த இல்லம் முக்கால் பங்குதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று படிப்பவர் எண்ணுவார். எதற்கு எதனோடு விகிதம் என்று கேட்கவே அவருக்குத் தோன்றாது, ஏனெனில் அந்தச் சொல் பாராட்டாகவோ குறையாகவோதான் காதில் விழும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செலவு குறைவு, ஆள் நிறைவு என்று மட்டும் அளந்தால் அத்தகைய கொட்டகைகளுக்கும் எல்லைக்கோட்டில் இடம் கிடைத்துவிடும்.

செயல்திறன் வேண்டாம் என்றால் உடனே எடுத்து நீட்டப்படுவது ‘பயனுறுதிறன்’. வெப்ப இயந்திரம் பற்றிய பாடங்களில் அது நிலைபெற்றிருக்கிறது, இன்னொரு சொல் எதற்கு என்கிறார்கள். இயந்திரத்துக்கு அது பொருந்துகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அங்கே உள்ளே போவதும் ஆற்றல், வெளியே வருவதும் ஆற்றல். ஒரே அலகில் அளந்த இரண்டு ஆற்றல்களில் பெற்றதை இட்டதால் வகுத்தால் முடிந்தது, எது பயன் என்பதில் வழக்கில்லை. இல்லத்தில் நிலைமை நேர்மாறானது. படுக்கை நிரம்புவது நிர்வாகிக்குப் பயன், மகன் வீடு திரும்புவது தாய்க்குப் பயன், மாதம் மூவாயிரம் ரூபாயாவது தானே சம்பாதிப்பது இல்லவாசிக்குப் பயன். இதில் பயன் என்ற சொல் நுழைந்த அந்தக் கணமே பேச்சு எஃபெக்டிவ்னஸ் பக்கம் சாய்ந்துவிடுகிறது: பயன் உறுவதுதானே பயனுறுதி? பயனுறுதிறனை எஃபிஷியன்சிக்குக் கொடுத்துவிட்டவர்கள் எஃபெக்டிவ்னஸுக்கு வேறு சொல் தேடி, கடைசியில் ‘பயனுறுதி’ என்றே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு ‘திறன்’தான் வேலி. பேச்சில் அந்த வேலியும் விழுந்து ‘பயனுறுதித்திறன்’ என்று வருகிறது; சொல்பவருக்கே எதைச் சொன்னோம் என்று தெரியாது. ‘சிக்கனம்’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். சிக்கனம் செலவை மட்டும் பார்க்கும், பெற்றதைப் பார்க்காது, ஆகவே ஆகாது. வெறும் ‘திறன்’ என்று விட்டுவிடலாம் என்றால், இயற்பியலில் அது பவர், பள்ளிக்கல்வியில் ஸ்கில், மனநல அறிக்கையிலேயே ஒருவரது ஆற்றல்.

இலங்கையில் வணிகக்கல்வி படித்தவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. எஃபிஷியன்சி வினைத்திறன், எஃபெக்டிவ்னஸ் விளைதிறன் என்று இரட்டையாகக் கற்று, இரட்டையாகவே பயன்படுத்துகிறார்கள். ‘விளைதிறன் மிக்க இல்லங்கள் வினைத்திறன் குறைந்தவையாக இருக்கக்கூடும்’: என்னைத் தடுக்கிவிட்ட வாக்கியம் இப்போது தெளிவாக நடக்கிறது. ‘அது இலங்கைத் தமிழ், நம் பக்கம் எடுபடாது’ என்ற மறுப்பைப் பலமுறை கேட்டுவிட்டேன். ஆங்கிலத்திலிருந்து ‘வசதி’யை இறக்கிக்கொள்ளத் தயங்காதவர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் நல்ல தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் சுங்கம் கேட்பது எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செயலும் வினையும் ஏறக்குறைய ஒருபொருட் சொற்கள். வினைத்திறன் என்ற சொல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே விகிதம் என்று எதுவும் எழுதியிருக்காது. அதன் முதல் தகுதி, அது இன்னும் கறைபடாமல் இருப்பது. செயல்திறனைக் கைப்பேசி விளம்பரம், கிரிக்கெட் வருணனை, ஊழியர் மதிப்பீட்டுப் படிவம் எல்லாம் தேய்த்துவிட்டன. இனி அதற்கு ஒரு நுண்பொருளைக் கட்டிவைக்க முடியாது. இரண்டாவது தகுதி இன்னும் ஆழமானது. வள்ளுவர் ‘வினைசெயல்வகை’ என்னும்போது வினை வெறும் செய்கை அல்ல, மேற்கொண்ட பணி; பொருள், கருவி, காலம், வினை, இடம் என்ற ஐந்தையும் எண்ணித் தொடங்குவது. ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்ற 461ஆம் குறளில் செலவழிவது, அதனால் ஆவது, பின்னும் அதன்வழியே வருவது என கணக்கேட்டில் போல மூன்று பத்திகள் வரிசையாக இருக்கின்றன. நிரம்பிய படுக்கையை ‘ஆவது’ என்றும், வெளியே போனவர் மூன்று ஆண்டு கழித்தும் தனிவீட்டில் இருப்பதை ‘வழிபயக்கும் ஊதியம்’ என்றும் கொண்டால், மேலே சொன்ன கணக்கின் சிக்கல் முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. பணியாளர் எண்ணிக்கையையும் படுக்கையையும் மட்டும் அட்டவணையில் போட்டுவிட்டு மூன்றாம் பத்தியை விட்டுவிடும் ஆய்வுகள் மீது எனக்குள்ள மனக்குறையும் அதுவே.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நாளை மாலைக்குள் வேண்டும் என்று நெருக்கினால் கைக்கு முதலில் அகப்படும் சொல்தான் தாளில் விழும். ஆனாலும், ஒரே பத்தியில் ஒரு தமிழ்ச் சொல் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நிற்பதைக் கண்டால் அங்கே சற்று நிற்க வேண்டாமா? மேலே சொன்ன எல்லைக்கோட்டுக் கணக்குமுறைக்கு ஆங்கிலத்தில் டேட்டா என்வெலப்மெண்ட் அனாலிசிஸ் என்று பெயர்; அதையே ‘தரவு உறை பகுப்பாய்வு’ என்று எழுதியிருந்தார்கள். கடிதம் போடும் உறை என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எல்லைக்கோட்டு முறை என்று மாற்றினேன்.

திருத்திய படியை அனுப்பி ஒரு வாரத்தில் பதில் வந்தது. உள்ளே உள்ள அட்டவணைகளில் வினைத்திறன், விளைதிறன் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள், வசதிகள் இல்லங்களாகிவிட்டன. அட்டையில் மட்டும் ‘செயல்திறன்’ என்றே இருக்கட்டும், அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றார்கள்.