பழைய காரின் நம்பரை நெட்டில் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வராதீர்கள்

பழைய வாகனங்களை மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். போன வாரமும் ஒரு தம்பி கையில் போனோடு வந்து நின்றார். "அண்ணே, மொறிஸ் மைனர் ஒன்று வாங்கினேன். சேசிஸ் நம்பரை நெட்டில் போட்டால் பிழையான நம்பர் என்று வருது. விற்ற ஆள் ஏமாற்றிவிட்டார்." இதே கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்னும் சிலர் அந்தக் கோபத்தில் சேசிஸ் நம்பர் அடித்த அசல் தகட்டையே கழற்றி எறிந்துவிட்டு வருகிறார்கள்.

சரி, ஒருமுறை பொறுமையாகச் சொல்கிறேன். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 இருக்கும் சேசிஸ் நம்பர் 1981இல்தான் ஒழுங்குக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நம்பர் அடித்தது. நெட்டில் நம்பரைப் பிரித்துச் சொல்லும் டீகோடர் 17ஐ எண்ணிப் பார்க்கும், குறைந்தால் பிழை என்று சொல்லும், அவ்வளவுதான். 1960ஆம் ஆண்டு மைனரில் 17 இருந்தால்தான் நான் பொலிசுக்குப் போகச் சொல்வேன்.

பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தகரச் சுவரில் உள்ள தகட்டைத் துடைத்துப் பாருங்கள். எம்ஏ2எஸ்3 என்று தொடங்கினால் மொறிஸ், ஏ சீரிஸ் எஞ்சின், இரண்டு கதவு சலூன், மூன்றாம் சீரிஸ். அதாவது 948 சிசி. அந்த 3க்குப் பதில் 5 இருந்தால் 1962இலிருந்து வந்த 1098 சிசி. ஐம்பதுகளின் வண்டிகளில் எஃப் என்று தொடங்கும் வேறொரு முறை. அதில் மூன்றாவது எழுத்தே நிறத்தைச் சொல்லிவிடும். அடுத்து வரும் இலக்கம் 2 என்றால் வலது பக்க ஸ்டியரிங்கோடு ஏற்றுமதிக்குச் செய்த வண்டி.

ஆனால் என்னென்ன ஒப்ஷன் போட்டு அனுப்பினார்கள் என்று தகடு முழுதாகச் சொல்லாது. அதற்குத் தொழிற்சாலை ஏட்டைத்தான் கேட்க வேண்டும். மொறிஸ், ஒஸ்டின், எம்ஜி ஏடுகள் இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. காசு கட்டினால் ஹெரிட்டேஜ் சேட்டிபிகேட் தருவார்கள்: கட்டிய திகதி, அனுப்பிய இடம், நிறம், எஞ்சின் நம்பர், தொழிற்சாலையில் பூட்டிய சாமான்கள். எல்லா மாடலின் ஏடும் மிஞ்சவில்லை, முதலில் விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பீட்டில் என்றால் ஜெர்மனியில் வுல்ஃப்ஸ்பேர்க்கில் உள்ள வொக்ஸ்வாகன் மியூசியத்தைக் கேளுங்கள். பென்ஸுக்கு டேட்டா கார்ட், அதாவது தொழிற்சாலை விவர அட்டை. 123 மாடல் பென்ஸில் ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்துத் தகட்டிலேயே ஒப்ஷன் கோட் அடித்திருக்கும். 580 இருந்தால் ஏசி தொழிற்சாலையில் போட்டது. 412 இருந்தால் எலெக்ட்ரிக் சன்ரூஃப். சன்ரூஃப் இருந்தும் அதற்கான கோட் எதுவும் இல்லையென்றால் இங்கே ஏதோ ஒரு கராஜில் கூரையை வெட்டியிருக்கலாம்.

இங்கிலாந்து பிரோஷரைப் பார்த்து வண்டியை "ஒரிஜினல்" ஆக்குகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. ஒருவர் மைனருக்கு ஹீட்டர் இறக்குமதி செய்து பூட்டினார். கொழும்பில், ஹீட்டர்! சாதாரண மைனருக்கு அது தனியாகக் காசு கொடுத்துப் போடும் சாமான். அவருடைய வண்டியில் அது இருந்ததா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம்.

பதிவுப் புத்தகத்தையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். முதல் பதிவு ஆண்டு வேறு, தயாரித்த ஆண்டு வேறு. சேசிஸ் நம்பர் 117 என்று தொடங்கும் பீட்டில் 1967 மாடல், ஆனால் 1966 ஓகஸ்டிலேயே கட்டியிருக்கலாம். எஞ்சின் மாற்றி, புத்தகத்திலும் திருத்திய வண்டிகள் ஏராளம். எஞ்சின் நம்பரை எஞ்சின் புளொக்கிலேயே நேரில் வாசியுங்கள்.

அசல் நிறம் வேண்டுமா? பெயின்ட் பாஸின் கை போகாத இடத்தைப் பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியில், கதவு அட்டைக்குப் பின்னால், பின் சீட்டைத் தூக்கினால் தெரியும் தகரம். சுரண்ட வேண்டாம், துணியால் துடைத்தாலே போதும்.

தகடு புதுசாக, ரிவெட் பளபளவென்று இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் தேட இறங்கும் முன் சேட்டிபிகேட்டுக்கு எழுதிவிடுங்கள். வண்டியை டிங்கர் பாஸிடம் விடும் முன் எல்லாத் தகடுகளையும் படம் எடுத்து வையுங்கள். தயவுசெய்து, கழற்றவே வேண்டியிருந்தால் நீங்களே கழற்றி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கராஜ் மேசையில் வைத்த தகடு பழைய இரும்புக்காரரோடு போய்விடும், அதன் பிறகு கேடனுக்கு எழுத உங்களிடம் ஒரு நம்பரும் இருக்காது.