நட்சத்திர ஸ்டிக்கரும் கிளித்தட்டும்

கொழும்பில் தரம் 7 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் புறக்கோட்டையில் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி வந்து, எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினேன். சரியான விடைக்கு ஒரு நட்சத்திரம். முதல் வாரம் வகுப்பே கலகலத்தது. மூன்றாம் வாரம் பார்த்தால், அதே ஐந்து பெயர்களுக்கு நேரே மட்டும் நட்சத்திரங்கள் நிறைந்திருந்தன. பின்வரிசையில் ஒரு பிள்ளை கை உயர்த்துவதையே விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டேன். "இனி எனக்கு எப்படியும் ஏலாது மிஸ்" என்றான்.

அன்றே அட்டவணையைக் கழற்றினேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி, தவணைப் பரீட்சையில் எத்தனையாம் பிள்ளை என்று ஏற்கெனவே வரிசைப்படுத்தப்பட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்கு இன்னுமொரு வரிசையைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

பரிசு கொடுப்பதிலும் கவனம் வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு, சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பரிசே இல்லை. பிறகு விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு வரவில்லை. கணக்கை விரும்பிச் செய்யும் பிள்ளையிடம் "நூறு எடுத்தால் சைக்கிள்" என்று பேரம் பேசும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் விளையாட்டில் பிள்ளையை இழுப்பது எது? கோடுகளில் மறித்து நிற்பவர்களிடம் பிடிபடாமல் ஒவ்வொரு கோடாகக் கடக்கும் கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். கடக்க வேண்டிய அடுத்த கோடு கண்முன்னே தெரிகிறது. பிடிபட்டாலும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி இறங்கலாம். கூடவே கூட்டாளிகள் நிற்கிறார்கள். பரீட்சைத் தாளில் இந்த மூன்றும் இல்லை.

இப்போது பின்னங்கள் படிப்பிக்கும்போது கரும்பலகையில் ஐந்து கோடுகள் போடுகிறேன். முதல் கோட்டில் ஒரே பகுதியெண் உள்ள பின்னங்களின் கூட்டல், கடைசிக் கோட்டில் ஒரு வசனக் கணக்கு. ஆறு பேர் கொண்ட குழு ஒவ்வொரு கோடாகக் கடக்க வேண்டும். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினால், அந்தக் கோட்டில் பிடிபட்டாயிற்று. புள்ளி குறையாது. எங்கே பிழைத்தது என்று குழுவே கண்டுபிடித்துச் சொன்னால், அதே வகையில் வேறொரு கேள்வி கொடுப்பேன். விளங்கப்படுத்தலாம், விடையை எழுதிக் கொடுக்கக் கூடாது. விடை சொல்லும் முறை ஆறு பேருக்கும் மாறி மாறி வரும். அதனால் கெட்டிக்காரப் பிள்ளை தனியாக ஓடிவிட முடியாது, பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கும்வரை நிற்க வேண்டும். கடைசிக் குழுவும் கடந்தால்தான் வகுப்புக்கு வெற்றி.

இதற்கு ஒரு சோக்கட்டி போதும். கஹூட் போன்ற வினாவிடைப் போட்டிச் செயலிகளைக் குறை சொல்லவில்லை, பாடத்தை மீட்டிப் பார்க்க அவை நல்லவை. ஆனால் அதில் வழமையாக வேகமாகப் பதில் சொல்பவருக்குப் புள்ளி கூட. ஆறுதலாக யோசித்துச் சரியாகச் செய்யும் பிள்ளை அங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. புதிதாக ஒன்றைப் படிப்பிக்கும் நாளில் நான் நேரம் பார்ப்பதே இல்லை.

அந்தப் பின்வரிசைப் பிள்ளைக்கு உடனே புள்ளிகள் கூடிவிடவில்லை. ஆனால் பிடிபட்டால் "இன்னொண்டு தாங்க மிஸ்" என்று கேட்கத் தொடங்கினான்.

இன்னும் எனக்குச் சரிவராதது, முதலில் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் குழுதான். மேலதிகக் கணக்குக் கொடுத்தால் அதைத் தண்டனையாக எடுக்கிறார்கள். சரி, அடுத்த நாளுக்கான கேள்விகளை நீங்களே போடுங்கள் என்று இந்தத் தவணை விட்டுப் பார்க்கிறேன். என்னுடைய கேள்விகளைவிடக் கடினமாகப் போடுகிறார்கள், அவற்றுக்கு விடையும் தாங்களே செய்து காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.