வயது ஏறினால் பக்தியும் ஏறுமா?

"அவரா? ஒரு காலத்தில் பெரியார் திடலே கதி என்று கிடந்தவர். இப்போ ஒரு பிரதோஷம் விடுவதில்லை." சென்னையில் இந்த வசனத்தைக் கேட்காதவர் குறைவு. ஆள் மாறும், கோயில் மாறும், கதை மட்டும் மாறாது. இளரத்தத்தில் நாத்திகம், முட்டி வலிக்க ஆரம்பித்தால் முருகா என்பது நம் ஊரில் எழுதப்படாத விதி. ஆதாரம் கேட்டால் இரண்டு பேரைச் சாட்சிக்கு இழுப்பார்கள்: கண்ணதாசன், அன்னி பெசன்ட்.

சரி, முதலில் சாட்சிகளை விசாரிப்போம். அன்னி பெசன்ட் லண்டனில் நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவோடு மேடை மேடையாக நாத்திகம் பேசியவர். 1889இல் ஆன்மிக அமைப்பான பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1907 முதல் 1933இல் இறக்கும்வரை அதன் தலைவராக அடையாறில் இருந்தார். அவர் லண்டனில் நாத்திகம் பேசிக்கொண்டிருந்த அதே 1880களில், சென்னையிலும் பிராட்லாவின் கருத்துகளைத் தமிழில் பரப்பிய ஒரு சங்கம் நடந்துகொண்டிருந்தது என்பது வேடிக்கை. அது இருக்கட்டும். மனம் மாறியபோது பெசன்டுக்கு வயது 41. கண்ணதாசனோ முதுமையையே பார்க்கவில்லை. 1981இல் இறந்தபோது அவருக்கு 54. இவர்கள் மாறியதற்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம், மூப்பு மட்டும் இல்லை.

எதிர்ப்பக்கச் சாட்சிகளை யாரும் கூப்பிடுவதில்லை. பெரியார் 1973 டிசம்பரில் 94 வயதில் இறந்தார், கடைசிவரை பேசியதையே பேசிக்கொண்டு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து 1983இல் நோபல் பரிசு வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர், தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். 84 வயதுவரை வாழ்ந்தார். மாறினவர் செய்தியாகிறார், மாறாதவர் ஆவதில்லை. அதனால் நம் நினைவில் மாறினவர்களே கூட்டமாக நிற்கிறார்கள்.

கோயிலில் கண்ணெதிரே தெரியும் கூட்டம் பொய்யா என்று கேட்கலாம். பொய் இல்லை. பிரதோஷத்தன்று மாலை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பிராகாரத்தில் நரைத்த தலைகளே அதிகம் என்றுதான் வைத்துக்கொள்வோம். அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதில்தான் சிக்கல். மாம்பலம் ரயில் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். 75 வயதுக்காரர்களில் பலர் வேட்டி, 25 வயதுக்காரர்கள் எல்லாம் ஜீன்ஸ். வயது ஏற ஏற ஜீன்ஸ் வேட்டியாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் வேட்டிக் காலத்தில் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான். பக்தியைப் பார்க்கும்போது மட்டும் இந்தத் தெளிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது.

சமூக அறிவியலில் இதை மூன்றாகப் பிரிப்பார்கள். வயதாவதால் வரும் மாற்றம் ஒன்று. எந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்தோம் என்பதால் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. நிலநடுக்கமோ கொள்ளைநோயோ வந்து எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் உலுக்குவது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்தெடுப்பது கணக்கிலேயே கடினம். நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது வந்துவிடும். இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானாக நிலைத்துவிடுகிறது. எனவே ஒரே ஒரு வருடம் கணக்கெடுத்துவிட்டு 'முதியவர்களுக்குப் பக்தி அதிகம்' என்று சொன்னால், அது மூப்பின் வேலையா வளர்ப்பின் வேலையா என்று அந்தக் கணக்கால் சொல்லவே முடியாது.

பிரிட்டனில் டேவிட் வோஸ், அலஸ்டர் கிராக்கெட் இருவரும் பல ஆண்டுக் கணக்கெடுப்புகளை அடுக்கிப் பார்த்து 2005இல் எழுதிய முடிவு, 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' கட்சிக்குச் சாதகமானது. அங்கே ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் குறைந்த மதப்பற்றோடு வாழ்க்கையைத் தொடங்குகிறது. பெரும்பாலும் அதே அளவிலேயே மூப்படைகிறது. பெற்றோர் இருவரும் பற்றுள்ளவர்களாக இருந்தாலும் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். கிழவர்கள் நிறைந்த தேவாலயம் என்பது அங்கே பழைய தலைமுறையின் மிச்சம்.

ஆனால் அமெரிக்காவில் வேறு மாதிரி வந்தது. வெர்ன் பெங்ட்சன் குழு தெற்குக் கலிஃபோர்னியாவில் 1970களின் தொடக்கத்தில் தாத்தா, அப்பா, பேரன் என்று குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சேர்த்து, அதே ஆட்களிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்டது. அதில் நம்பிக்கையின் அழுத்தம் வயதோடு கொஞ்சம் கூடியிருந்தது. தேவாலயத்துக்குப் போவதோ மிக முதிய வயதில் குறைந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனது போகச் சொல்கிறது, முட்டி விடமாட்டேன் என்கிறது. 'வாரம் எத்தனை முறை கோயிலுக்குப் போகிறீர்கள்' என்று மட்டும் கேட்கும் ஆய்வாளர் பக்தியை அளப்பதாக நினைத்துக்கொண்டு மூட்டுத் தேய்மானத்தை அளந்துவிடுவார். சென்னையில் கேட்டால் கணக்கு இன்னும் குழம்பும். அறுபது தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன். டோக்கன் தீர்ந்த கடைசி வாரத்தில் யாராவது ஆய்வுக்கு வந்தால் நாத்திகம் கூடியதாகத் தெரியலாம்.

எல்லோரும் ஒரே பாதையில் போவதும் இல்லை. கலிஃபோர்னியாவில் 1921இல் லூயிஸ் டெர்மன் தொடங்கி, அறிவுக்கூர்மை மிகுந்த சிறுவர்களை ஆயுள்முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அந்தத் தரவில் மைக்கேல் மெக்கல்லா குழு 1,151 பேரின் மதப்பற்றை வரைந்து பார்த்தபோது மூன்று விதமான கோடுகள் வந்தன. ஒரு கூட்டத்துக்கு இளமையிலேயே பற்று குறைவு, வயதாக ஆக இன்னும் குறைந்தது. இன்னொரு கூட்டத்துக்கு நடுவயதுவரை ஏறிப் பிறகு இறங்கியது. மூன்றாவது, சின்னக் கூட்டம். அவர்களுக்குத் தொடக்கத்திலேயே அதிகம், போகப் போக இன்னும் அதிகம். இவர்கள் எல்லோரும் படிப்பில் கெட்டிக்காரர்களாகப் பார்த்து எடுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் 'எல்லோரும் கடைசியில் இங்கேதான் வரணும்' என்ற விதியை இந்தப் படம் தாங்காது.

இன்னொரு கணக்கும் உண்டு, அது கொஞ்சம் கொடூரமானது. அமெரிக்காவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வாரம் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போகிறவர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு போகவே போகாதவர்களைவிடச் சுமார் ஏழு ஆண்டு அதிகம். சாமி கொடுத்ததா, புகையும் குடியும் குறைவாக இருப்பதாலா, விழுந்தால் தூக்க நாலு பேர் இருப்பதாலா, ஏற்கெனவே நோயாளியாக இருப்பவரால் போக முடியாததாலா என்பது தனி விவாதம். எப்படி இருந்தாலும் எண்பது வயதில் எஞ்சியிருக்கும் கூட்டத்தில் கோயிலுக்குப் போகிறவர் பங்கு கூடித்தான் இருக்கும். அதற்காக ஒருவர்கூட மனம் மாறியிருக்கத் தேவையில்லை.

மரணபயத்துக்கு வருவோம். காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது. பயத்தில் சாமியைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஜாங் குழு 2012இல் இதைச் சோதித்தது. மாணவர்களைத் தங்கள் சாவைப் பற்றி எழுத வைத்துவிட்டுப் பிறகு கடவுள், ஆன்மா பற்றிக் கேட்டார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் இன்னும் உறுதியாக 'உண்டு' என்றார்கள். இல்லாதவர்கள் இன்னும் உறுதியாக 'இல்லை' என்றார்கள். சாவை நினைத்தால் ஆள் கட்சி மாறவில்லை, தன் கட்சியையே இறுக்கிப் பிடித்தான். ஆனால் இன்னொரு சோதனையில் விஷயம் வேறு. திரையில் வரும் சொல் நிஜமா கற்பனையா என்று பொத்தானை உடனே தட்ட வேண்டும். சாவை நினைவூட்டியபின், நாத்திகர்களுக்குக் கடவுளைக் 'கற்பனை' என்று தட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது.

ஃபின்லாந்தில் மர்யானா லிண்டெமன் குழு செய்தது இதைவிடத் துணிச்சல். விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி, வியர்வையால் தோலின் மின்கடத்தல் எவ்வளவு கூடுகிறது என்று அளந்துகொண்டே, 'கடவுளே, முடிந்தால் என் பெற்றோரை மூழ்கடித்துப் பார்' என்பது போன்ற வாக்கியங்களை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். வாயால் கேட்டபோது தங்களுக்கு அது பெரிதாக உறுத்தவில்லை என்றார்கள் நாத்திகர்கள். விரலோ ஆத்திகர்களுடையதைப் போலவே வியர்த்தது. பெற்றோர் என்றதால் வியர்த்திருக்கலாமே என்ற சந்தேகத்துக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். அதே விபரீதத்தைக் கடவுள் பெயர் இல்லாமல் வெறும் ஆசையாகச் சொன்னபோது நாத்திகர்களுக்கு வியர்த்தது குறைவு. சிறிய ஆய்வு இது, இருபது பேர்கூட இல்லாத குழுக்கள். ஆனாலும் விளக்கு வைத்த நேரத்தில் வீட்டில் யாராவது அச்சானியமாக வாயெடுத்தால் பகுத்தறிவுக் குடும்பத்திலும் 'சும்மா இரு' என்ற அதட்டல் வருமே, அதைக் கேட்டவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியம் தராது.

ஆக, 'இல்லை' என்று சொல்பவரிடமும் அடியில் ஒரு பழைய பொறி ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கும் ஒரு நோக்கம் இருக்கும், யாரோ செய்திருப்பார்கள் என்று உடனே தோன்றவைக்கும் பொறி. படிப்பு அதை அழிப்பதில்லை, மேலே உட்கார்ந்து அடக்கி வைக்கிறது. டெபோரா கெலமன் குழு இதைப் பல விதத்தில் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் இயற்பியல், வேதியியல் அறிஞர்களைச் சில நொடிகளே தந்து அவசரப்படுத்தியபோது, இயற்கைக்கு நோக்கம் கற்பிக்கும் தவறான விளக்கங்களை அவர்கள் ஏற்றுக்கொள்வது கூடியது. 2007இல், படித்தறிந்ததை மெல்ல அரிக்கும் மறதிநோயான அல்சைமர் வந்தவர்களிடம் கேட்டார்கள்: மழை எதற்கு? நீராவி குளிர்ந்து துளியாவதால் என்பது ஒரு விடை. செடி கொடிகள் வளரத் தண்ணீர் கிடைக்கட்டும் என்பதற்காக என்பது இன்னொன்று. அதே வயதுள்ள நலமானவர்களைவிட நோயாளிகள் இரண்டாவதை அதிகம் விரும்பினார்கள். குழந்தைகளும் அப்படித்தான் சொல்வார்கள்.

இதை வைத்து முதுமையின் பக்தியெல்லாம் மூளைத் தேய்மானம் என்று சொல்லிவிடக் கிளம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது மோசமான வாதமாகவே படுகிறது. அல்சைமர் ஒரு நோய், முதுமை நோயில்லை. நலமான மூப்பில் யோசிக்கும் வேகம் குறையும். சொல்வளமும் உலக அறிவும் அறுபதுகளிலும் நன்றாகவே நிற்கும். வாட்ஸ்அப் யுகத்துக்கு முன்பே, 2005இல், இயன் ஸ்கர்னிக் குழு கண்ட ஒன்று மட்டும் கவலை தருவது. 'இந்தத் தகவல் பொய்' என்று முதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னால், மூன்று நாள் கழித்து அந்தத் தகவல் நினைவிருக்கும், 'பொய்' என்ற முத்திரை கழன்றுபோயிருக்கும். பழகிய தகவலாயிற்றே என்று உண்மைப் பக்கம் சேர்த்துவிடுவார்கள். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் புற்றுநோய் தீரும் என்ற வகைச் செய்திக்கு இது பொருந்தும். வாழ்நாள் முழுக்கச் சுமந்த கடவுள் நம்பிக்கைக்கோ மறுப்புக்கோ இதை நீட்டுவது அதிகப்படி.

அதோடு, தர்க்கமாக யோசித்தால் நாத்திகம் வரும், யோசனை தளர்ந்தால் பக்தி வரும் என்ற அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கிறது. சிற்பி ரோடின் செய்த, யோசனையில் ஆழ்ந்திருக்கும் 'சிந்தனையாளர்' சிலைப் படத்தைப் பார்த்தாலே தர்க்க யோசனை தூண்டப்பட்டு நம்பிக்கை குறைகிறது என்று 2012இல் வில் ஜெர்வைஸும் அரா நோரென்சயனும் வெளியிட்டார்கள். 2017இல் வேறொரு குழு அதிக ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தபோது அப்படி எதுவும் வரவில்லை. ஜெர்வைஸ் பிறகு 13 நாடுகளில் பார்த்தார். தர்க்க யோசனைக்கும் நாத்திகத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது, நாட்டுக்கு நாடு மாறுவது என்று அவரே எழுதினார். அதைவிட வலுவாகத் தெரிவது வீடு. சின்ன வயதில் பெரியவர்கள் நம்பிக்கைக்காக எதை இழந்தார்கள், எதைச் செய்து காட்டினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்புகிறார்கள். பேச்சை மட்டும் கேட்டவர்களிடம் அது ஒட்டுவதில்லை. சஷ்டி விரதத்தில் ஆறு நாள் சாப்பிடாமல் இருந்த அம்மா, ஆயிரம் உபதேசத்தைவிட வலிமையான ஆதாரம். ராகுகாலத்தில், தாலியும் ஐயரும் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அப்பாவும் எதிர்ப்பக்கத்துக்கு அதே வேலையைச் செய்வார் என்பது என் ஊகம்.

அதனால்தான் சென்னை இதைச் சோதிக்க அருமையான இடம். மேலைநாட்டில் முதியவர்கள் அதிக பக்திக் காலத்தில் வளர்ந்தவர்கள். வயதும் வளர்ப்பும் ஒரே பக்கம் இழுப்பதால் பிரிக்க முடிவதில்லை. இங்கே 1955இல் பிறந்த ஒருவருக்கு, அண்ணா முதலமைச்சரான 1967இல் 12 வயது. பெரியார் இறந்தபோது 18. தெருமுனைக் கூட்டங்களில் கடவுள் மறுப்பைக் காதாரக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இப்போது எழுபதைத் தாண்டியிருக்கிறது. வளர்ப்புதான் எல்லாம் என்றால், பேரன்களைவிட இந்தத் தாத்தாக்களுக்குப் பக்தி குறைவாக இருக்க வேண்டும். மூப்புதான் எல்லாம் என்றால் எதிர்மாறாக.

கேட்பதிலும் கவனம் வேண்டும். பிள்ளையாரையும் உடைக்கமாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கமாட்டேன் என்று அண்ணா சொன்னதாக எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அந்த இடத்தில் நிற்பவரை 'நம்புகிறேன், நம்பவில்லை' என்ற இரண்டு கட்டங்களில் எதில் போடுவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க நாத்திகர் என்று பதிவானவர்கள் 33,304 பேர்தான். கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிடுவது வழக்கம். தாத்தா கறுப்புச் சட்டையோடு கூட்டத்துக்குப் போயிருப்பார், கதவைத் திறந்த மருமகள் மதம் என்ற இடத்தில் 'இந்து' என்று சொல்லியிருப்பார்.