300 மீட்டர் கணக்கு

பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததும் முதலில் தெரிந்தது கனம்தான். சுவிட்சர்லாந்தின் லெ லோக்கில் ஊரைச் சேர்ந்த டிஸ்ஸோ கம்பெனியின் சீஸ்டார் 1000. டைவிங் வாட்ச். டயலில் பொடி எழுத்தில் 300 மீட்டர், 1000 அடி என்று போட்டிருக்கிறது. வாங்கிய எனக்கோ நீச்சல் அரைகுறை. பொழுதுபோக்காக ஸ்கூபா செய்கிறவர்களுக்கே 40 மீட்டர்தான் எல்லை. அப்படியிருக்க, இந்த 300 எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரமாக வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடும். அடுப்பில் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே கூடுதலாக இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 300 மீட்டரில் அது முப்பது மடங்கு. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 30 கிலோ. கண்ணாடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 210 கிலோ! மூன்று ஆட்கள் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் ஏறி நிற்கிற மாதிரி. டைவிங் வாட்ச்சுகளில் கண்ணாடி தடிமனாக இருப்பதும், வாட்ச்சே குண்டாக இருப்பதும் இதனால்தான்.

ஆனால் கண்ணாடி உடைவதைவிடப் பெரிய கவலை, இடுக்குகளில் நீர் நுழைவது. கண்ணாடியைச் சுற்றி, பின்மூடியில், பக்கவாட்டில் திருகும் சாவியின் தண்டில் என்று ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. மூடி உள்பக்கமாக உட்காரும் குக்கரைப் பார்த்திருப்பீர்கள். நீராவி தள்ளத் தள்ள மூடி இன்னும் இறுகும். இங்கேயும் அதே வித்தைதான், தள்ளுவது மட்டும் வெளியிலிருந்து. நீர் நெருக்கும்போது வளையம் தன் பள்ளத்தின் ஓரத்தில் நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. உள்ளே வரத் துடிக்கிற நீரே கதவையும் சாத்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆழத்தில் நன்றாக அடைத்துக்கொள்கிற வளையம், நெருக்குதல் இல்லாத மேல்மட்டத்தில் கசியலாம். அதனால்தான் டைவிங் வாட்ச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரச் சோதனையில், குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் அதிக அழுத்தத்தில் 2 மணி நேரம் வைத்த பிறகு, வெறும் 0.3 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), அதாவது 3 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், இன்னும் 1 மணி நேரம் வைக்கிறார்கள். கசிந்ததா என்று கண்டுபிடிக்கும் வழி இன்னும் எளிது. வாட்ச்சை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைக்கிறார்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடத்தில் பனி படியும். சாதாரண வாட்ச்சுகளுக்கான தரத்தில் சில மாதிரிகளைச் சோதித்தால் போதும். இதில் ஒவ்வொரு வாட்ச்சையும் சோதிக்க வேண்டும். தேறியவற்றில் ‘டைவர்ஸ்’ என்ற சொல் இருக்கும். வெறும் மீட்டர் எண் வேறு, அந்தச் சொல் வேறு.

‘30 மீட்டர் என்று போட்ட வாட்ச்சோடு நீந்தாதே, கையை வீசும் வேகத்தில் அழுத்தம் எகிறிவிடும்’ என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் கூடுவது 0.125 பார், அதாவது ஒன்றேகால் மீட்டர் ஆழம். வில்லன் வேகம் இல்லை, வயதாகிக் காய்ந்துபோகும் ரப்பர்தான்.

அப்புறம் சாவி. தினமும் திருகிச் சாவி கொடுத்தால் தண்டில் இருக்கும் வளையம் தேயும். ஒருநாள் மறந்து திறந்தபடி விட்டால் கதை முடிந்தது. இந்த வாட்ச்சில் சாவியை மரையில் முறுக்கி மூட வேண்டும். 1927-இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண் ரோலெக்ஸ் ஆய்ஸ்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் 10 மணி நேரத்துக்கு மேல் நீந்தியபோது நீரைத் தடுத்ததும் இப்படி முறுக்கி மூடும் சாவிதான். என் வாட்ச்சில் கை அசைவிலேயே தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் இயந்திரம் இருப்பதால் நான் சாவியைத் தொடவே தேவையில்லை. வெள்ளி இரவு கழற்றி வைத்தேன், திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. 80 மணி நேரம் தாங்குமாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வெளி வளையம். டக் டக்கென்று இடப்பக்கம் மட்டும் திரும்பும், வலப்பக்கம் அசையாது. நீரில் இறங்கும்போது வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று முள் காட்டிக்கொண்டே வரும். ஆழத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. நேரம் தவறினால் காற்றும் தீரும், மேலே வரும்போது நைட்ரஜன் குமிழாகிப் படுத்தும். வளையம் பாறையில் இடித்து நகர்ந்துவிட்டால்? இடப்பக்கம்தான் நகர முடியும் என்பதால் 20 நிமிடம் 25 என்று தெரியும், ஒருபோதும் 15 என்று தெரியாது. முக்குளிப்பவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான். 1953-இல் பிளாங்பான் என்ற சுவிஸ் கம்பெனி கொண்டுவந்த ஃபிஃப்டி ஃபேதம்ஸ் டைவிங் வாட்ச்சுக்கும் நேரம் கணக்கிடச் சுழலும் வளையம் உண்டு. அந்தக் கம்பெனியின் அப்போதைய தலைவர் ஜான் ஜாக் ஃபியெஷ்டர் தாமே முக்குளிப்பவர். ஒருமுறை கடலுக்கடியில் நேரம் போனது தெரியாமல் காற்றுத் தீர்ந்து தவித்தவர்.

முட்களில் பச்சையாக ஒளிர்வது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற பொடி. விளக்கொளி பட்டதும் எலக்ட்ரான்கள் எழும்பிப் பொடிக்குள் உள்ள பொறிகளில் மாட்டிக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக நழுவி விழும்போது ஒளி கசிகிறது. அந்தக் காலத்து ரேடியம்போல் கதிர்வீச்சு இல்லை. முதல் ராத்திரி போர்வைக்குள் தலையை நுழைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி வைக்கிறேன். வெந்நீரும் சோப்பும் ரப்பருக்கு ஆகாது. 300 மீட்டர் வாட்ச்சை வாளித் தண்ணீருக்குப் பயந்து அலமாரியில் வைக்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.