பதுக்ககம் என்று யார் சொன்னது?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கணினி வகுப்புக் குறிப்புகளில் ‘பகுதிப் பக்கப் பதுக்ககம்’ என்றொரு தொடர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் ‘பதுக்ககம்’ என்பது கேஷுக்கான (cache) தமிழாம்; ஒருமுறை உருவாக்கியதை, மறுபடி கேட்டால் உடனே கொடுக்க வைத்திருக்கும் இடம்.

பிரெஞ்சில் ஒளித்து வைத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் கேஷ். 1968இல் ஐ.பி.எம். சிஸ்டம்/360 மாடல் 85 பற்றிய கட்டுரை வழியாகக் கணினிக்குள் வந்தது. அந்தக் கணினியில் கேஷ் என்ற சிறு வேக நினைவகம் நிரல் எழுதுபவர் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்தது. அங்கே ஒளிப்பு பொருந்தும்.

இணையப் பக்கங்களை அனுப்பும் வழங்கியில் (சர்வர்) எவரும் எதையும் ஒளிப்பதில்லை. எந்தப் பக்கத்தை எத்தனை நிமிடம் வைப்பது என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். பதுக்கல் என்றால் என்னவென்று 2022இல் எரிவாயு வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள்: இருப்பதை இல்லை என்பது. கேஷ் செய்வது நேர்மாறு, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது. தேத்தண்ணிக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வடையும் ரோல்ஸும் காலையிலேயே அடுக்கியிருக்கும், பிளேன்டீ மட்டும் கேட்ட பிறகு ஊற்றுவார்கள். பகுதிக் கேஷ் முழுவதும் அதுதான்: பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவானது தயாராக இருக்கும், ஆளுக்கு ஆள் மாறுவது மட்டும் கேட்ட பிறகு உருவாகும். அதனால்தான் ‘இடைவைப்பு’ என்கிறேன். ‘இடைவைத்த பக்கம்’, ‘இடைவைக்காதே’ என்று வினையாகவும் வளையும். ‘பதுக்ககப்படுத்து’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

கேஷுக்குச் சிலர் சொல்லும் ‘தற்காலிக நினைவகம்’ அதைவிட மோசம். என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள் தன் இடைவைப்பை வட்டில் கோப்புகளாக வைக்கிறது. நினைவகம் என்று படித்த பிள்ளை ரேம் வாங்க ஓடும்.

வழங்கிக்கு முன்னால் நின்று இடைவைக்கும் வார்னிஷ் என்ற மென்பொருளில் பகுதி இடைவைப்புக்குச் செய்முறை இது. செய்தி, பட்டி (மெனு) உள்ள பக்கத்துக்கு 10 நிமிட ஆயுள் கொடுங்கள். ‘வணக்கம், இன்னார்’ வரியையும் கூடை எண்ணிக்கையையும் தனி முகவரிக்கு மாற்றி, அந்த இடத்தில் ஈ.எஸ்.ஐ. இன்க்ளூட் குறியை இடுங்கள்; ‘அந்தத் துண்டை இங்கே சேர்’ என்று வார்னிஷுக்குச் சொல்வது அது. அந்தத் துண்டின் ஆயுள் 0. வார்னிஷ் அமைப்பில் பக்கத்துக்கு டூ_ஈஎஸ்ஐ ட்ரூ (do_esi = true) என்று போடாவிட்டால் குறி அப்படியே உலாவிக்குப் போய், அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். பக்கத்தைச் சில நொடி இடைவெளியில் இரண்டு முறை அழைத்து, பதிலோடு வரும் ஏஜ் தலைப்பைப் (இடைவைத்து எத்தனை நொடி ஆயிற்று என்னும் எண்) பாருங்கள். 0இலேயே நின்றால் பெரும்பாலும் குக்கிதான் (ஆளை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) காரணம்: பி.எச்.பி. எல்லாப் பக்கத்திலும் செஷன் (ஒருவரின் வருகைக் கணக்கு) தொடங்கி, குக்கியை வைக்கச் சொல்லும் செட்-குக்கி தலைப்பை அனுப்பினால் வார்னிஷ் அதை இடைவைக்காது. பக்கத்தில் செஷனை நிறுத்துவதுதான் முதல் வழி. சிலர் அமைப்பை மாற்றி, செட்-குக்கியோடேயே இடைவைக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஒருவரின் குக்கி அடுத்தவருக்குப் போய், அவர் கணக்கே இவர் திரையில் திறக்கும்.

இன்னொரு குறிப்பில், இடைவைத்ததை நீக்கும் பர்ஜுக்குக் (purge) ‘களையெடுப்பு’ என்று இருந்தது. களை என்பது நாம் விதைக்காமல் முளைப்பது. இது நாமே வைத்து, பழசாகிப்போனது. ‘கழித்துவிடு’ என்றால் வயல் வட்டையில் நிற்கிறவருக்கும் விளங்கும்.