‘பொருளாதாரச் செலவு’: யார் செய்த செலவு?

எங்கேயாவது ஓர் அரசு இணையத்தைத் துண்டித்தால் போதும், நம் செய்திகளில் “இதன் பொருளாதாரச் செலவு இத்தனை கோடி டாலர்” என்று ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. 2011இல் எகிப்தில் இணையம் துண்டிக்கப்பட்டபோது போட்ட பழைய கணக்கை எடுத்துப்போட்டு “எகிப்து அரசுக்கு 9 கோடி டாலர் செலவானது” என்று எழுதியதைக்கூடப் படித்தாயிற்று. ஆங்கிலத்தில் ‘எகனாமிக் காஸ்ட்’ (economic cost) என்று இருக்கிறது. காஸ்ட் என்றால் செலவு, அகராதியில் முதலில் இருப்பது அதுதானே, எடுத்து ஒட்டு!

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காஸ்ட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘இன்ன விலைக்கு நிற்கிறது’ என்பது அடிக்கருத்து. நம் செலவு ‘செல்’ என்பதிலிருந்து வந்தது. சங்கப் பாட்டில் அது பயணம், தலைவன் புறப்படத் தயங்கினால் செலவழுங்கல். கையைவிட்டுப் போகும் காசுக்கும் அதுவே பெயரானது.

ஆனால் தமிழில் செலவு ‘செய்வது’, நட்டம் ‘படுவது’. செலவு என்றால் மனமறிந்து காசை எடுத்துக் கொடுத்த ஒருவர் இருக்க வேண்டும். 2011 ஜனவரி கடைசியில் எகிப்தின் முபாரக் அரசு என்ன எடுத்துக் கொடுத்தது? சேவையைத் துண்டிக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது, அவ்வளவுதான். உத்தரவு வந்தது, சட்டப்படி பணிய வேண்டியிருக்கிறது என்று வோடபோனே அறிக்கை விட்டது. பங்குச்சந்தையை வாடிக்கையாளராக வைத்திருந்த நூர் என்ற ஒரு நிறுவனத்தின் இணைப்பு மட்டும் சில நாள் தப்பிப் பிழைத்து, ஜனவரி 31 இரவு அதுவும் போனது. ஓஇசிடி (OECD) என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நாளொன்றுக்கு 1.8 கோடி டாலர் வீதம் 5 நாளுக்குப் போட்ட கணக்குதான் அந்த 9 கோடி. தொலைத்தொடர்பு, இணையச் சேவைகளில் வராமல் போன வருமானம் அது. கால் சென்டர், சுற்றுலா, இணைய வணிகம் எல்லாம் பட்ட அடி அதில் சேரவில்லை. வராமல் போன காசை எந்த ஊரில் செலவு என்கிறார்கள்?

“வாய்ப்புச் செலவு என்று பாடநூலிலேயே இருக்கிறதே” என்பார்கள். இருக்கட்டும். ஒருவர் தானே இரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விடுவதற்கு அந்தப் பெயர். 2021 மார்ச்சில் மியான்மர் ராணுவம் மொபைல் டேட்டாவை நிறுத்தியபோது, போனை நம்பிப் பிழைத்த கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுத்தார்? அங்கே சேவை நடத்திய நார்வே தொலைபேசி நிறுவனம் டெலிநார் அந்த ஆண்டு மே மாதம் தன் மியான்மர் தொழிலின் மதிப்பு முழுவதையும், சுமார் 650 கோடி நார்வே குரோனரை, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. அதையும் ‘செலவு’ என்றால் டெலிநார் ஏதோ வாங்கிவிட்டது போலல்லவா இருக்கிறது! சிலர் ‘கிரயம்’ என்பார்கள், தமிழ்நாட்டில் அது பத்திரப்பதிவு அலுவலகச் சொல். ‘பொருளாதார விலை’ இன்னும் மோசம், தக்காளி ஞாபகம்தான் வரும்.

இழப்பு என்றே எழுதலாம். லாஸ் என்பதற்கும் அதே சொல்தானே, குழம்பாதா என்று கேட்கிறவர்கள், செலவு என்று எழுதுவதால் வரும் குழப்பத்தைப் பார்ப்பதில்லை. அதிகார அரசுகள் இதில் உண்மையாகவே செலவும் செய்கின்றன. ரஷ்யா, இணையத்தைக் கட்டுப்படுத்தும் 2019 சட்டத்துக்குப் பிறகு சேவை நிறுவனங்களின் வலையமைப்பில் வடிகட்டும் கருவிகளைப் பொருத்தியது, ஈரான் தனக்கென்று உள்நாட்டு வலையமைப்பு கட்டியது, இதெல்லாம் செலவு. 2022இல் ஈரான் இன்ஸ்டாகிராமைத் தடுத்ததும், அதில் துணியும் நகையும் விற்ற பெண்களுக்கு வியாபாரம் படுத்தது, அது இழப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் காசு போட்டவர் யார், பறிகொடுத்தவர் யார் என்றே தெரியாது. மொழிபெயர்ப்பவருக்கு அது தெரிய வேண்டாம்போல, வரிக்கு வரி சரிபார்த்தால் போதும். ‘இணைய சேவை பாதிப்பு’ என்று கேபிளை எலி கடித்ததுபோல எழுதுகிறவர்களும் இவர்கள்தான்.

தலைப்புக்கு இடமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. “இணையத் துண்டிப்பு: எகிப்தியருக்கு 9 கோடி டாலர் இழப்பு” ஒரே வரியில் அடங்குகிறது.