ஸ்பிரிங்கை வெட்டும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

ஒரு மே மாத ஞாயிறு மத்தியானம் நங்கநல்லூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, கார் ஜாக்கியிலிருந்து விழுந்துடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலை. வண்டியைத்தான் தூக்க முடியல."

போய்ப் பார்த்தால், பழைய மாருதி 800. முன்பக்க இடது சக்கரம் கழற்றியிருந்தது, பிரேக் பாகம் தரையில் ஊன்றி நின்றது. வண்டியோடு கொடுக்கும் சின்ன ஜாக்கி அடியில் சாய்ந்து நசுங்கிக் கிடந்தது. வீட்டு வாசலில் தார் ரோட்டின்மேலேயே வைத்துத் தூக்கியிருக்கிறார். அந்த வெயிலில் தார் இளகி, ஜாக்கியின் அடித்தட்டு ஒரு பக்கமாக உள்ளே இறங்கிவிட்டது. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுத்திருக்கிறார். கழலவில்லை. வேறு ஸ்பேனர் எடுக்க எழுந்து வீட்டுக்குள் போயிருக்கிறார், அந்த நேரத்தில் வண்டி இறங்கிவிட்டது. அதற்கு முன் தோள் வரை அடியில்தான் இருந்திருக்கிறார். சின்ன வண்டிதான், ஆனாலும் 650 கிலோ.

இருபது வருடத்துக்கு மேலாகக் கார் வேலை பார்க்கிறேன். சொந்தக் கையால் வேலை செய்ய ஆசைப்படுபவர்களை நான் தடுப்பதில்லை. தன் வண்டியின் அடிப்பக்கத்தைத் தானே பார்த்தவருக்கு அதன் சத்தம் மாறும்போது முதலில் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தம்பி வீட்டில் என்ன வாங்கி வைத்திருந்தார் என்று பார்த்தபோதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. வண்டி ரோட்டில் அலைகிறது, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று அகலமான டயர், உயரம் குறைந்த ஸ்பிரிங், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் எல்லாம் வாங்கியிருந்தார். கோளாறோ முன்சக்கரங்களுக்கு நடுவே ஓடும் ஸ்டெபிலைசர் ராடின் முனையில், கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷில்.

மாருதி 800-இல் அந்த ராடுக்கு இரண்டு வேலை. வளைவில் வண்டி சாயாமல் தாங்குவது ஒன்று. சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கையான லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது இன்னொன்று. புஷ் தேய்ந்து ஓட்டை பெரிதானால், பிரேக் போடும்போது சக்கரமே லேசாகப் பின்னால் போகும். 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங்கில் ஒரு இழுப்பு. இதன்மேல் எவ்வளவு அகலமான டயரை மாட்டினாலும் ஆட்டம் போகாது, கூடத்தான் செய்யும். பழைய வண்டியின் பிடிப்பைக் கூட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கம்பெனியிலிருந்து வந்த நாளில் அந்த வண்டி எப்படி ஓடியதோ, முதலில் அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

சோதிப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட், அதாவது லோயர் ஆர்மும் சக்கரப் பக்கமும் சேரும் உருண்டை மூட்டு. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனை. பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிழிந்த உறைக்குள் ஒரு மழைக்காலத்துத் தண்ணீரும் மணலும் போனால் போதும், கிரீஸ் போய் உள்ளே தேய ஆரம்பித்துவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் லோயர் ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்தையும், பிரேக் பைப்பையும் துருவுக்காகக் கட்டாயம் பாருங்கள். தகடு இற்றுப்போயிருந்தால் புதுப் புஷ்ஷால் ஒன்றும் ஆகாது.

புஷ் மாற்றுவதில் ஒரு விஷயத்தை வீடியோ பார்த்துச் செய்பவர்கள் அடிக்கடி தவற விடுகிறார்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பரும் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயும் ஒட்டியிருக்கும். வண்டி தூக்கியிருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும், ஆர்மும் சேர்ந்து தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கினால், குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் சும்மா நிற்கும்போதுகூட அந்த ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். ஆறே மாதத்தில் கிழிந்த புதுப் புஷ்ஷைக் கொண்டுவந்து "டூப்ளிகேட் சாமான் கொடுத்துட்டாங்க" என்பார்கள். சாமானில் குறை இருக்காது. போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டுவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அதுவும் இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், அந்த வண்டிக்குச் சொன்ன அளவுக்கு. பலம் இருக்கிறதே என்று இழுத்தால் மரை போய்விடும்.

ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். அழுத்தி அடைத்து வைத்த ஸ்பிரிங் அது. மேல் நட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கருவி வழுக்கினால் முகத்தில்தான் அடிக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகிறது, அது அமுங்குவதற்கான இடமும் குறைகிறது. பழைய ஷாக் அப்சார்பர் அந்த விறைப்பை அடக்கப் பிறந்ததில்லை. நம் தெரு வேகத்தடைகளில் ஒவ்வொரு தடவையும் இரும்போடு இரும்பு இடிக்கும், அந்த அடி நேராக பாடிக்குப் போகும். சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் இப்படித்தான், உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கை மறைத்து வைக்கும். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளுவதால் பேரிங்கின்மேல் சுமை கூடும். அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இது வந்து நிற்கும்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் டயரில் செலவழியுங்கள். குறைவாக ஓடும் பழைய கார்களில் டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடுகள், தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் வெயிலில் காய்ந்து கட்டையாகியிருக்கும். முதல் மழையில் வழுக்கும் வண்டிகளில் இது நிறைய. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். பத்து வருடம் ஆனதை யோசிக்காமல் மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலையும் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140-க்கு வந்துவிடும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது, ஆயில் கொதித்து பெடல் காலுக்கடியில் பஞ்சு மாதிரி போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயில் மாற்றும்போது பைப்பில் புகும் காற்றை வெளியேற்றும் வேலையை ஒருமுறையாவது தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பழகுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கதவு, கண்ணாடி, விளக்கு, சீட்டு எல்லாம் தைரியமாக வாங்கலாம். நானே வாங்குகிறேன். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், பிரேக் சாமான்களைப் பழசாக வாங்காதீர்கள். கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புதிதாகவே கிடைக்கும்.

ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன். தார் ரோட்டில் தூக்காதீர்கள், சமமான சிமென்ட் தரை வேண்டும். வேறு வழியில்லை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான, அகலமான பலகை போடுங்கள். இறுகிய நட்டு போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், அதனால் எந்தப் பக்கம் தூக்கினாலும் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைக் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள், கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் படுக்க வையுங்கள், அதற்கப்புறம் உள்ளே போங்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு நீங்கள் அடியில் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

அந்தத் தம்பிக்குப் புது புஷ் நான்கும் ஒரு டை ராட் எண்டும் போட்டு, வீல் அலைன்மென்ட் பார்த்து அனுப்பினோம். ஸ்பேசரையும் ஸ்பிரிங்கையும் கடையில் திருப்பிக் கொடுத்தார், டயரைக் கம்பெனி அளவிலேயே மாற்றி வாங்கிக்கொண்டார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மறுவாரம் டார்க் ரெஞ்சோடு வந்து பட்டறை வாசலில் அவரே பார்த்தார். இரண்டு நட்டு இன்னும் கொஞ்சம் இறுகியது.